ஓட்டுச்சீட்டு அடிக்காத ஊர்

கட்சியே இல்லாமல் தேர்தல் நடத்தினால் நாடு உருப்படும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் சர்வீஸில் பாதிக் காலம் அதைத்தான் நடத்தினேன். கர்நாடகத்தில் கிராம பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிக்கு இடமில்லை. கட்சிச் சின்னம், கொடி, தலைவர் படம் எதுவும் கூடாது. நிற்பவர்களுக்கு ஆட்டோ, ஸ்டூல், தையல் மிஷின் என்று நாங்கள்தான் சின்னம் கொடுப்போம். தினமும் காலையில் எங்கள் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடக்கிற பெரியவர்களுக்கு இது தெரியாது. எல்லோரும் பெரிய கம்பெனிகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தங்கள் அசோசியேஷன் தேர்தலில் போன வருஷம் கோர்ட் வரைக்கும் போனவர்கள். அங்கேயும் கட்சி கிடையாது என்பதை நான் நினைவுபடுத்துவதில்லை, நடப்பது உடம்புக்கு நல்லது என்பதால்.

ஆனால் போன மாதம் கேட்டது அவர்கள் இல்லை. ஆனேக்கல் தாலுகா ஆபீசில் தேர்தல் பிரிவில் இப்போது இருக்கும் பெண் கேட்டாள். பஞ்சாயத்துகள் ஒவ்வொன்றாக நகரசபையாக மாறிக்கொண்டிருக்கின்றன. நகரசபைத் தேர்தல் என்றால் கட்சிச் சின்னம் உண்டு. "மேடம், நீங்க ரெண்டும் பார்த்தீங்கல்ல, எது தேவலை? எழுதிக் குடுங்க, எங்க குரூப்ல போடறேன்" என்றாள். இரண்டு வரியில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

அல்சூரில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக சர்க்கார் உத்தியோகம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில், அப்பா தலைமைச் செயலகமான விதான சௌதாவில் ஒரு மூலையில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இரண்டாம் நிலை குமாஸ்தாவாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, முதல் நிலைக்கு வந்து, தேர்தல் பிரிவில் உட்கார்ந்தேன். தேர்தல் பிரிவு என்றால் யாரும் விரும்பி வராத இடம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வேலை என்று வெளியே சொல்வார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் நஞ்சுண்டய்யா சாரைச் சொல்வேன். வேளாண்மைத் துறை அதிகாரி. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் வெவ்வேறு துறைகளில் இருந்து ஆட்களைப் பிடித்துத் தேர்தல் அதிகாரி ஆக்குவார்கள். அப்படிப் பிடிபட்டவர். மூன்று தேர்தல்களில் நான் அவருக்கு உதவித் தேர்தல் அதிகாரி. ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேச மாட்டார். வேட்புமனு வாங்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார், காகிதம் பறக்கும் என்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்துப் படிப்பார்.

மனு வாங்குவதைவிட வாபஸ் வாங்குவதில்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். யாராவது போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று வந்தால், கூட வந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். அந்த ஆளை எதிரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். அப்புறம் மூன்று கேள்வி. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா? யார் எழுதினார்கள்? வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறீர்களா, மூன்று மணி வரை நேரம் இருக்கிறது? இந்தக் கேள்விகள் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. "எதுக்கு சார் இவ்வளவு?" என்று ஒருமுறை அலுத்துக்கொண்டேன். கன்னடத்தில்தான் பதில் சொன்னார்: "மனு குடுக்கறப்போ மாலை போட்டுட்டு, நாலு பேரோட வர்றாங்கம்மா. வாபஸுக்கு வர்றப்போ முகத்தைப் பாருங்க. அப்புறம் கேளுங்க."

கட்சி இல்லாத தேர்தலில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பன்னேர்கட்டா பக்கம் ஒரு பஞ்சாயத்தின் கூட்டத்தில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரே உறுப்பினர் தெருவிளக்கு விஷயத்தில் தலைவர் பக்கம் கை தூக்கினார், சாக்கடை விஷயத்தில் எதிர்ப்பக்கம் தூக்கினார். போர்வெல் விஷயத்தில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். டீ வந்ததும் எல்லோரும் சேர்ந்து குடித்தார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது. இதற்காகத்தான் இவ்வளவு காகிதமும் என்று தோன்றியது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

சந்தாபுராவுக்கும் ஹெப்பகோடிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், இப்போது அது ஊராகவும் இல்லை. அந்த ஊரில் இருபது வருஷமாகப் பஞ்சாயத்துக்கு ஓட்டுப்பதிவே நடந்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் எத்தனை இடமோ அத்தனை பேர்தான் கடைசியில் மிஞ்சுவார்கள். 'அவிரோத ஆய்கே' என்பார்கள் கன்னடத்தில், எதிர்ப்பில்லாத தேர்வு. பத்திரிகையில் போட்டோ வரும், தாலுகா கூட்டத்தில் கை தட்டுவார்கள். எங்களுக்கும் அந்த ஊர் என்றால் பிரியம். ஓட்டுச்சீட்டு அச்சடிக்க வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம், பள்ளிக்கூட பெஞ்சில் படுக்க வேண்டாம்.

அந்த வருஷம் நஞ்சுண்டய்யா சாரும் நானும் அந்தப் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்தோம். ஊருக்குக் கிழக்கே ஒரு காலனி. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து முப்பது நாற்பது வருஷம் முன்னால் வந்தவர்கள், தமிழ் பேசுகிற தலித் குடும்பங்கள். ஊருக்குள் இருந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் காலனிக்கு முன்னால் நின்றுவிடும். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை டேங்கர், அதுவும் வந்தால். காலனி வார்டு அந்த முறை தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் மனு கொடுத்தார்கள். ஒருத்தி ஜெயம்மா. ஊர் யஜமானர், தமிழில் சொன்னால் நாட்டாமை, அவர் வீட்டில் வேலை செய்பவள். இன்னொருத்தி பவுனம்மா, பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். மனு கொடுக்க வந்த அன்றே பவுனம்மா, "குழாய் ஒண்ணுதான் மேடம். அத இழுத்துட்டேன்னா அப்புறம் மெம்பரு பதவிய யாருக்கு வேணா குடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள். மதியம் ஒன்றரைக்கு நஞ்சுண்டய்யா சாரைத் தாசில்தார் அவசரமாக அழைத்தார். "நான் வர்றதுக்குள்ள யாராவது வந்தா வாங்குங்க. கேட்டுட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டு மணிக்கு யஜமானர் வந்தார். வெள்ளை வேட்டி, வாசனை, பிளாஸ்கில் காபி, தட்டு நிறைய மசால் வடை. பின்னாலேயே வாபஸ் வாங்குகிறவர்கள் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் யாரையும் வெளியே அனுப்பவில்லை. காபி கொடுத்தவரை எப்படி வெளியே போகச் சொல்வது என்று கூச்சம். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள், நான் நேரம் எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தேன். எல்லாம் நேரில் வந்தவர்கள். கடைசியில் முனிராஜு வந்தான். காலனிக்காரன், யஜமானரின் தோட்டத்தில் வேலை செய்பவன், பவுனம்மாவின் மனுவை முன்மொழிந்தவன். பவுனம்மாவின் வாபஸ் கடிதத்தை நீட்டினான். அவளுக்காக அதைக் கொடுக்க அவனுக்கு அதிகாரம் அளிக்கும் கடிதமும் கூடவே இருந்தது. வேட்பாளர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் முன்மொழிந்தவர் கொண்டுவந்து கொடுக்கலாம். விதி அதுதான்.

இரண்டு காகிதத்திலும் கையெழுத்து நீல மையில் இருந்தது. மற்ற எல்லாமே, முனிராஜுவின் பெயர், தேதி, வார்டு எண், எல்லாம் கறுப்பு மையில் வேறொரு கையால் எழுதப்பட்டிருந்தது. அதே கறுப்பு மை எழுத்தைத்தான் அதற்கு முன் வாங்கிய அத்தனை வாபஸ் கடிதங்களிலும் பார்த்திருந்தேன்.

"இது பவுனம்மாவே உங்க கையில குடுத்தாங்களா?" என்று முனிராஜுவிடம் தமிழில் கேட்டேன்.

அவன் முதலில் யஜமானரைப் பார்த்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்து, "ஹௌது மேடம்" என்றான், ஆமாம் என்று. தமிழில் கேட்டதற்குக் கன்னடத்தில் பதில்.

யஜமானர் சிரித்தார். "நம்ம ஊர்ல கட்சி கிடையாது மேடம். சண்டை கிடையாது. எல்லாரும் ஒரே மனசு. ஒரு ஓட்டுச்சீட்டு அடிச்சதில்ல இருபது வருஷமா."

கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வடை நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏதோ பயமுறுத்தலுக்கு அடிபணிந்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். யாரும் பயமுறுத்தவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது.

மூன்று பத்துக்கு பவுனம்மா ஓடி வந்தாள். கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டை, துப்பட்டாவில் நூல் துணுக்குகள். எல்லோரும் காகிதத்தோடு ஆபீசுக்குக் கிளம்பியபோதே யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். கேட் பாஸ் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.

"நான் வாபஸ் வாங்கலியே மேடம்! எப்ப வாங்கினேன்?"

காகிதத்தைக் காட்டினேன். "இது உங்க கையெழுத்துதானே?"

உற்றுப் பார்த்தாள். "என்துதான். ஆனா இது கோயில்ல போட்டது மேடம். மனு குடுக்கறதுக்கு மின்ன நாளு எல்லாரையும் கூட்டினாங்க. கலசம் வெச்சி, சாமி மேல ஆணைன்னு சொல்லி, நிக்கிறவங்க எல்லாரும் ரெண்டு ரெண்டு காகிதத்துல சைன் போடுங்கன்னாங்க. ஊருக்குக் கட்டுப்பட்டு நடக்கிறேன்னு சத்தியக் காகிதம்னு நெனச்சேன். அதுல எதுவும் எழுதியே இல்ல, மேல அச்சு மட்டும்தான் இருந்துச்சு. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது."

அந்த ஊரின் ஒரே மனசு எப்படிச் செய்யப்படுகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனு கொடுக்கும் முன்பே எல்லோரிடமும் வெற்று வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். யார் நிற்க வேண்டும் என்று யஜமானர் வீட்டில் முடிவானதும், மற்றவர்களின் காகிதத்தை நிரப்பி எங்களிடம் கொண்டுவருவார்கள். யாரும் யாரையும் அடித்ததில்லை. சாமி ஒன்றே போதுமாக இருந்தது.

நஞ்சுண்டய்யா சார் மூன்றரைக்குத் திரும்பினார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். விதிப்புத்தகத்தை எடுத்துப் பவுனம்மாவுக்குக் கேட்கும்படி படித்தார், நான் தமிழில் சொன்னேன். ஒருமுறை கொடுத்த வாபஸை ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்தக் கடிதம் உண்மையானதுதான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அவர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதிகாரக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மை வேற வேறயா இருக்கு. வாங்கறப்போ கவனிச்சீங்களா?"

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

"கவனிச்சு சந்தேகம் வந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, திருப்தி இல்லைன்னு நான் தள்ளிடுவேன். வார்டுல எலக்‌ஷன் நடக்கும். சந்தேகம் வந்தும் ஏன் வாங்கினீங்கன்னு உங்களைக் கேப்பாங்க. அந்தச் சிக்கல் உங்களுக்குத்தான். கவனிக்கலைன்னா, இப்போ வந்து நான் சந்தேகப்படறதுக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்து அந்தம்மாவோடதுதான், அவங்களே சொல்லிட்டாங்க."

எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது.

"கவனிக்கல சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாபஸ் வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாரே, அதே மாதிரி. மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஜெயம்மா எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தோம். வெளியே தமட்டை மேளம் அடித்தார்கள். பவுனம்மா அழவில்லை. ஆபீஸ் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கேட் பாஸில் கொடுத்த நேரம் முடிகிறது என்று எழுந்து போனாள். அடுத்த மாதம் பத்திரிகையில் அந்த ஊரின் போட்டோ வந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

கட்சி இல்லாத இடம் காலியாக இருக்கும் என்று நினைக்கிறோம். அது காலியாக இருப்பதில்லை. அங்கே முன்பே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். பவுனம்மாவுக்குப் பின்னால் அன்று ஒரு கட்சி இருந்திருந்தால், பெயருக்காவது ஒரு வக்கீல், நாலு சத்தம் போடுகிற ஆட்கள் வந்திருப்பார்கள். வடைத் தட்டைப் பார்த்து எனக்கு வந்த கூச்சம் அவர்களைப் பார்த்துப் போயிருக்கும். இதை நான் ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்தேன். அப்புறம் கட்சிகளும் வந்தன.

பல வருஷம் கழித்து, அந்த ஊரும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து நகரசபை ஆயின. கொடிகள் வந்தன. பவுனம்மா ஒரு கட்சியில் சேர்ந்திருந்தாள். மனு கொடுக்க வந்தபோது கூடவே இருபது பேர், வக்கீல் உள்பட. யஜமானரின் மகன் வேறொரு கட்சியில் நின்றான். கோயிலில் யாரும் கலசம் வைக்கவில்லை. பவுனம்மா ஜெயித்தாள், முதல் வருஷமே காலனிக்குக் குழாய் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, ஏதோ நானே குழாய் போட்டுக் கொடுத்ததுபோல.

அப்போது நான் அந்த நகரசபைக்கே மாற்றலாகி, கூட்ட நடவடிக்கைகள் எழுதும் இடத்தில் இருந்தேன். இரண்டாம் வருஷம் ஒரு தீர்மானம் வந்தது. நகரத்துக் குப்பையைப் பிரிக்கும் கூடத்தைக் காலனிக்கு அடுத்த நிலத்தில் வைப்பது. பவுனம்மாவின் கட்சி கொறடா உத்தரவு போட்டது, மீறினால் பதவி போகும். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் எழுந்த பிறகு, பவுனம்மாவின் கை பாதி எழுந்தது. அதை ஒரு கையாக எண்ணி எழுதினேன்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு ஊரு, இன்னிக்கு கட்சி. என்ன பவுனம்மா வித்தியாசம்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அதிலும் நான் கேட்டிருக்கக் கூடாது.

அவளுக்குக் கோபம் வந்தது. "வித்தியாசம் இல்லாம என்ன மேடம்? கட்சிய அடுத்த எலக்‌ஷன்ல தோக்கடிக்கலாம். ஊர எந்த எலக்‌ஷன்ல தோக்கடிக்கிறது, சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நான் வாங்கிய வீடு, அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி, அவள் வார்டிலேயே வருகிறது. போன வாரம் பவுனம்மா வந்தாள். குப்பைக் கூடத்துக்கு வரும் லாரிகளைக் காலனிப் பெண்களோடு மறித்ததால் கட்சி இந்த முறை டிக்கெட் தரவில்லை. சுயேச்சையாக நிற்கிறாள். முன்மொழிய அந்த வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும்.

"காலனியில கேட்டா எல்லாரும் ஒண்ணு கட்சிக்காரனுக்குப் பயப்படறாங்க, இல்ல ஊருக்கு. நீங்க ரெண்டுலயும் இல்ல. அதுவும் உங்களுக்குப் படிக்கத் தெரியும்" என்று சொல்லி மனுவை மேஜையில் வைத்தாள்.

நான் பேனாவை எடுக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீல மை, கறுப்பு மை, முனிராஜு யஜமானரைப் பார்த்தது, பக்கத்து அறையில் சார் கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க கவனிச்சேன்னு சொல்லியிருந்தா, நான் நின்னிருப்பேனா?"

"நின்னிருப்பீங்க."

"அந்தக் குழாய்க்கு அப்புறம் எத்தினி வருசம் காத்திருந்தோம், தெரியுமா மேடம்? எங்க மாமியார் கொடத்தோட விழுந்து இடுப்பு ஒடஞ்சது அதுக்கு நடுவுலதான்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "சரி. சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன ஆயிருக்கும்? வேலையவிட்டுத் தூக்கியிருப்பாங்களா?"

"இல்ல."

"ஜெயில்ல போட்டிருப்பாங்களா?"

"சேச்சே. ஒரு மெமோ குடுத்திருப்பாங்க. பிரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும்."

"மெமோன்னா?"

"ஒரு காகிதம். ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டு."

"காகிதமா?" என்றாள். "அவ்ளோதானா?"

அவள் மனுவை என் பக்கம் தள்ளினாள். "போடுங்க மேடம். நாளைக்குக் கடைசி நாள்." படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தேர்தல் பிரிவில் இருக்கும் பெண்ணே, எது தேவலை என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. இது மட்டும் தெரியும். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் அதைச் சொல்லித்தான் எனக்கு மாலை போட்டார்கள்.